நீதிபதியின் கைப்புத்தகத்தில் கூலிக்காரி எங்கே?

குடும்ப வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகளுக்கு ஒரு கைப்புத்தகம் வேண்டும், பெண்ணையும் ஆணையும் சமமாக நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல அது வழிகாட்ட வேண்டும் என்று சட்டம் படித்தவர்கள் பேசி வருகிறார்கள். நல்ல பேச்சு. ஆனால் சங்க ஆபீசில் நாம் இதைச் சொன்னபோது ஒரு தோழர் சிரித்துவிட்டார். "போனஸ் பாக்கி நிற்கிறது, ஷிப்டை மாற்றி மாற்றிப் போடுகிறான், இதில் ஜட்ஜு மேஜையில் எந்தப் புத்தகம் இருந்தால் நமக்கென்ன?" என்றார்.

நாம் சொல்லுகிறோம்: இதுவும் கூலிப் பிரச்னைதான். ஆலையில் போராடி வாங்கிய கூலி ஆலை வாசலோடு நின்றுவிடுவதில்லை. அது வீட்டுக்குப் போகிறதா, போனால் யார் கைக்குப் போகிறது, போகாவிட்டால் அடுப்பு எப்படி எரிகிறது என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வி முற்றிப் போய் கோர்ட்டுக்கு வரும்போது அதற்கு ஜீவனாம்ச வழக்கு என்று பெயர் வைக்கிறார்கள். பெயர் மாறினாலும் விஷயம் அதே கூலிதான்.

இரண்டு வருஷத்துக்கு மேலாக நாம் ஒரு சகோதரியோடு கோர்ட் வாசலில் நின்று வருகிறோம். மஞ்சள் காட்டில் களை வெட்டப் போகிறவர். இரண்டு குழந்தைகள். புருஷன் ஒரு பஞ்சாலையில் வேலை செய்கிறவன். வேறொரு இடத்தில் குடித்தனம் வைத்துக்கொண்டு இவர்களைக் கைவிட்டுவிட்டான். இதுவரை பத்தொன்பது வாய்தா ஆகிவிட்டது. ஒரு நாள் ஜட்ஜு லீவு. ஒரு நாள் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. ஒரு நாள் வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். "பஸ்ஸுக்குத்தான் காசில்லீங்கண்ணா, ஆனா கூலி போகுதுங்களே" என்று அந்தச் சகோதரி சொன்னார். உண்மைதானே? 2021 முதல் டவுன் பஸ்ஸில் மாதர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கோர்ட்டுக்கு வந்த நாளின் கூலியை யார் கொடுப்பார்கள்? நாள் ஒன்றுக்கு 350 ரூபாய் என்று வைத்தால் பத்தொன்பது வாய்தாவுக்கு 6,650 ரூபாய். ஜீவனாம்சம் ஒரு பைசா வருமுன் அந்தச் சகோதரி கோர்ட்டுக்குக் கட்டிய வரி இது.

ஒரு வாய்தாவில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி இன்னும் நம் காதில் நிற்கிறது. "நீ வேலைக்குப் போகிறாய் அல்லவா? பின் எதற்கு ஜீவனாம்சம்?" களை வெட்டி வயிறு கழுவுகிறவளைப் பார்த்து இந்தக் கேள்வி. வேலைக்குப் போகாதவளாக இருந்தால், "கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் வேலைக்குப் போகவில்லை?" என்று கேட்டிருப்பார்கள். எப்படியும் குற்றவாளி அவள்தான்! மனைவி சம்பாதிக்கிறாள் என்பதனாலேயே ஜீவனாம்சம் கிடையாது என்று சொல்லக்கூடாது என்பது சுப்ரீம் கோர்ட் திரும்பத் திரும்பச் சொன்ன சட்டம். அது அந்தக் கோர்ட் ஹாலுக்கு வந்து சேரவில்லை. கைப்புத்தகம் எதற்கு என்று கேட்ட தோழருக்கு இதுவே பாதிப் பதில்.

ஜீவனாம்சச் சட்டம் நேற்று வந்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்து 1898-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 488-வது பிரிவாக இருந்தது. 1973-ல் 125-வது பிரிவு ஆயிற்று. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவு. எண்கள் மாறின. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க உத்தரவிடக்கூடாது என்ற உச்சவரம்பு மட்டும் 2001 வரை மாறாமல் நின்றது. விலைவாசி எங்கே போயிற்று, அந்த 500 எங்கே நின்றது என்பதை ரேஷன் கடை வரிசையில் நின்ற நம் தாய்மார்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வரம்புக்குள்ளும் என்ன கிடைத்தது? இந்தூரைச் சேர்ந்த ஷா பானு என்ற வயதான அம்மாளுக்கு 1979-ல் மாஜிஸ்திரேட் கொடுக்கச் சொன்னது மாதம் 25 ரூபாய். ஹைகோர்ட் அதை 179 ரூபாய் 20 காசாக்கியது. கணவர் பெரிய வக்கீல்! அதையும் கொடுக்க மாட்டேன் என்று அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார், 1985-ல் தோற்றார். அடுத்த வருஷமே ராஜீவ் காந்தி சர்க்கார் வேறு சட்டம் கொண்டுவந்து அந்த வெற்றியைக் குறுக்கப் பார்த்தது. முஸ்லிம் பெண்ணும் எல்லாப் பெண்களையும் போல இந்தப் பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் ஐயமறச் சொல்ல 2024 ஜூலை வரை ஆயிற்று.

சொத்துரிமை விஷயத்தில் மட்டும் நமது ராஜ்யம் முன்னால் நின்றது. 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு என்று இங்கே சட்டம் வந்துவிட்டது. டில்லிக்கு 2005-ல்தான் அது தோன்றியது. மெச்ச வேண்டியதுதான். ஆனால் நிலமே இல்லாதவனின் மகளுக்குச் சம பங்கு என்றால் எதில் பங்கு? நம்முடைய மாதர்களுக்குச் சொத்து என்றால் அது புருஷனின் கூலியும் தன்னுடைய கூலியும்தான். ஆகவே பாகப் பிரிவினை வழக்கைக் காட்டிலும் ஜீவனாம்ச வழக்குத்தான் அவர்களை வாழவைப்பதும் வீழவைப்பதும்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டு 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளுக்காக ஒரு கைப்புத்தகம் வெளியிட்டது. பெண்களைப் பற்றி ஊறிப்போன தப்பபிப்பிராயங்களை நீதிபதிகள் களைய வேண்டும் என்பது அதன் நோக்கம். அதைத் தயாரித்த குழுவில் நமது சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்த பிரபா ஸ்ரீதேவனும் ஒருவர். எந்தெந்த வார்த்தைகளைத் தீர்ப்பில் எழுதக்கூடாது, அதற்குப் பதில் என்ன எழுதலாம் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. 'கற்புள்ள பெண்' என்று எழுதாதே, பெண் என்று எழுது. 'கீழ்ப்படிந்த மனைவி' என்று எழுதாதே, மனைவி என்று எழுது. 'வைப்பாட்டி' என்ற சொல்லே வேண்டாம். மணமாகாத தாய் என்று வேண்டாம், தாய் என்றால் போதும்.

வார்த்தையில் என்ன இருக்கிறது என்று யாரும் அலட்சியமாகப் பேச வேண்டாம். 'பண்ணையாள்' என்று கூப்பிட்டபோது என்ன இருந்தது என்று நம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். 'டேய்' என்று மேஸ்திரி கூப்பிட்டதை நிறுத்த ஆலைகளில் எத்தனை நாள் போராடியிருக்கிறோம்? வார்த்தை மாறுவது சிறு காரியமல்ல. அந்தப் புத்தகத்தை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் வரவேற்போடு ஒரு கேள்வியும் கேட்கிறோம். களை வெட்டப் போகிற சகோதரியைத் தீர்ப்பில் என்ன பெயரால் எழுதுவது என்று புத்தகம் சொல்லிவிட்டது. அவள் புருஷனின் கூலியை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த கூலியிலிருந்து எப்படி வாங்கித் தருவது என்று எந்தப் புத்தகம் சொல்லும்?

வீட்டு வேலையும் வேலைதான் என்ற இடம் வரை நீதிமன்றங்கள் வந்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. 2001 ஜனத்தொகைக் கணக்கு, சமைத்துத் துவைத்துக் குழந்தை வளர்க்கும் கோடிக்கணக்கான பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து 'வேலை செய்யாதவர்கள்' என்று எழுதி வைத்தது. 2010-ல் சுப்ரீம் கோர்ட் அதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. அதற்கு முந்திய வருஷம் சென்னை ஹைகோர்ட்டில் பிரபா ஸ்ரீதேவன் எழுதிய தீர்ப்பையும் அதற்கு ஆதரவாக எடுத்துக்கொண்டது. 2021 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சர்க்காரின் 2019-ம் வருஷக் கணக்கையே எடுத்து வைத்தார்கள்: சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிஷம். 299 நிமிஷம் என்றால் ஐந்து மணி நேரம். மில்லில் எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வரும் பெண்ணுக்கு இது இரண்டாவது ஷிப்டு. ஓவர்டைம் கிடையாது, வார லீவு கிடையாது, ரிட்டயர் ஆவதும் கிடையாது.

இந்த 2010, 2021 தீர்ப்புகள் எல்லாம் எப்போது வந்தன தெரியுமா? விபத்தில் அந்தப் பெண் செத்த பிறகு, இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற வழக்கில்! அதாவது செத்தவளின் வேலைக்கு விலை போட்டார்கள். உயிரோடு இருப்பவளின் வேலைக்கு விலை போட்டது 2023 ஜூன் 21-ல் சென்னை ஹைகோர்ட் கொடுத்த ஒரு தீர்ப்பு. புருஷன் சவூதி அரேபியாவில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே குடும்பத்தைக் காத்தாள். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருடையது என்ற வழக்கில், அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவன் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவளுக்கும் சரி பாதி உண்டு என்று நீதிபதி சொன்னார். எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்காததனால் இப்படிச் சொல்லக்கூடாது என்று ஒன்றும் இல்லை என்றார். தைரியமான தீர்ப்பு. அதைக் கீழ்க் கோர்ட் நீதிபதிகள் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

தீர்ப்பு வந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். 2020 நவம்பர் 4-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு ஜீவனாம்ச வழக்கில் நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது. உண்மையில் அதுதான் குடும்ப நீதிபதிகளுக்கு வந்த முதல் பெரிய கைப்புத்தகம். மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும். இரு தரப்பாரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். அது வந்த நாலு முதல் ஆறு மாதத்துக்குள் இடைக்கால ஜீவனாம்சம் முடிவாக வேண்டும். மூன்று வருஷம் கழித்து 2023 நவம்பரில் அதே சுப்ரீம் கோர்ட், பிரமாண பத்திரம் வாங்காமலே கீழே உத்தரவுகள் போகின்றன என்று வருந்தி, தீர்ப்பை எல்லா ராஜ்யங்களுக்கும் மறுபடி சுற்றுக்கு அனுப்பியது. படிக்காத புத்தகம் அலமாரியில் இருந்தென்ன, கடையில் இருந்தென்ன?

தோழர்களே, இதையும் தாண்டி நாம் கவனிக்க வேண்டிய ஒரு வரி அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களும் நாட்கூலிகளும் அந்தப் பிரமாண பத்திரம் கொடுக்க வேண்டியதில்லை என்று விலக்கு அளித்திருக்கிறார்கள். ஏழைக்குக் காகிதத் தொல்லை வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அது யாருக்கு உதவுகிறது? வருமானத்தை எழுதித் தர வேண்டியதில்லை என்றால் மறைக்கிறவனுக்கு உதவுகிறது. மனைவிக்கு அவன் கூலி என்னவென்று நிரூபிக்க வேறு காகிதமே இல்லை. விவசாயிகளுக்கென்று தனியாக ஒரு படிவமும் தீர்ப்போடு இணைத்திருக்கிறார்கள். நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், எத்தனை மாடு, எத்தனை ஆடு என்று அது கேட்கிறது. அடுத்தவன் நஞ்சையில் நாற்று நடுகிறவனுக்கு அதில் நிரப்ப என்ன இருக்கிறது?

நாம் சொன்ன சகோதரியின் புருஷன் செய்தது இதைத்தான். பன்னிரண்டு வருஷமாக அதே ஆலையில் நிரந்தரத் தொழிலாளி. பிராவிடண்டு பண்டு பிடிக்கிறார்கள், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அவன் எதிர்மனுவில் எழுதினான்: 'நான் கிடைத்த நாள் வேலை பார்க்கும் தினக்கூலி.' அவ்வளவுதான், பிரமாண பத்திரமும் போயிற்று.

இன்னொரு சங்கதி. ஜீவனாம்ச உத்தரவைச் சிவில் கோர்ட் டிக்கிரியைப் போல நிறைவேற்றலாம் என்கிறது அதே தீர்ப்பு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவோ கூலித் தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்யக்கூடாது என்கிறது. மாதச் சம்பளக்காரன் சம்பளத்தில் ஜீவனாம்சத்துக்காக மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம். கூலிக்காரன் கூலியைத் தொட முடியாது. இந்தப் பாதுகாப்பு எதற்காக? கந்துவட்டிக்காரனும் லேவாதேவிக்காரனும் உழைப்பாளியின் அன்றாடக் கூலியைப் பிடுங்கிக்கொண்டு போகாமல் இருக்க. அதை நாம் ஒருநாளும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் கந்துவட்டிக்காரனைத் தடுக்கக் கட்டிய சுவரில் அவனுடைய குழந்தையே முட்டி நிற்கிறதே!

சரி, சிறைக்கு அனுப்பலாமே என்பார்கள். ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. அவன் ஜெயிலுக்குப் போனால் வேலை போகும். வேலை போனால் கூலி ஏது, ஜீவனாம்சம் ஏது? முதலாளிக்கு ஓர் ஆள் கழிந்தது, அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வழி இருக்கிறது. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 20-வது பிரிவின் 6-வது உட்பிரிவு, கணவனின் கூலியிலோ சம்பளத்திலோ ஒரு பகுதியை நேராக மனைவிக்குக் கொடு என்று வேலை கொடுப்பவனுக்கே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்கிறது. கூலி என்ற சொல் அதில் தெளிவாக இருக்கிறது. அடித்தால்தான் வன்முறை என்பதில்லை. சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் பட்டினி போடுவதும் அந்தச் சட்டப்படி வன்முறைதான். ஒரு கதவு மூடியிருக்கிறது, பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று நீதிபதிக்கும் வக்கீலுக்கும் சொல்வதற்குத்தானே கைப்புத்தகம்?

அப்படி ஒன்று எழுதப்படுமானால் அதில் இவை வர வேண்டும் என்று நாம் கோருகிறோம். தினக்கூலி என்று சொல்கிறவனின் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஆலையின் மஸ்டரையும் பிராவிடண்டு பண்டுக் கணக்கையும் நீதிபதி தானே வரவழைக்க வேண்டும். எந்தக் காகிதமும் இல்லாத இடத்தில் அந்தத் தொழிலுக்குச் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியையாவது அடிப்படையாக வைக்க வேண்டும். உடல் வலுவுள்ளவன் உடலுழைப்புச் செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று சுப்ரீம் கோர்ட் 2022-ல் சொல்லியிருக்கிறது. எவ்வளவு சம்பாதிப்பான் என்பதை நீதிபதி குத்துமதிப்பாகச் சொல்லாமல் கணக்கோடு சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வீணாக வாய்தா கேட்டால் அன்றைய கூலியை அவன் கட்ட வேண்டும். இலவச வக்கீல் கேட்க ஒரு பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது என்று 1987-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. அதை முதல் வாய்தாவிலேயே நீதிபதி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சமரசம் என்ற பெயரில் அடிபட்டவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வழக்கத்தைப் பற்றியும் எழுத வேண்டும். புத்தகம் தமிழில் இருக்க வேண்டும், மனுப் போடும் பெண்ணும் அதை வாசிக்கும்படி.

இதையெல்லாம் நீதிபதிகளும் பேராசிரியர்களும் மட்டும் உட்கார்ந்து எழுதினால் வராது. மஸ்டர் எது, ஓவர்டைம் எப்படி வேறு சீட்டில் வருகிறது, காண்டிராக்டர் கையெழுத்து வாங்கிவிட்டு எவ்வளவு கையில் கொடுக்கிறான், அறுவடைக் காலத்தில் என்ன கூலி, ஆடியில் என்ன கூலி? இதெல்லாம் தெரிந்தவர்கள் நாம். மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அந்தக் குழுவின் முன் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும்.

ஆனால் சாட்சி சொல்லப் போகுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

அந்தப் புருஷன் நமது சங்கத்து அங்கத்தினன். ஊர்வலத்தில் முன்னால் வருகிறவன், வேலை நிறுத்தத்தில் உறுதியாக நின்றவன். ஒரு நாள் அந்தச் சகோதரி சங்க ஆபீசுக்கு வந்தார். "அவரு சம்பளம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்க. அதை ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்கண்ணா, போதும்" என்றார். அதிகமாக எதுவும் கேட்கவில்லை. நாம் என்ன செய்தோம்? "கமிட்டியில் பேசிச் சொல்லுகிறோம்" என்றோம். இரண்டு கமிட்டிக் கூட்டம் நடந்தது. "நம் ஆளுக்கு எதிராக நாமே எழுதிக் கொடுப்பதா?" என்று பாதிப் பேர். "குடும்பச் சண்டையில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர். வேறு ஆலைத் தகராறு என்றால் ஒரே இரவில் தீர்மானம் போட்டு நோட்டீசும் அடித்துவிடுகிற நாம், இந்த ஒரு காகிதத்துக்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டோம். அதற்குள் மூன்று வாய்தா போய்விட்டது. கோர்ட்டைக் குறை சொல்ல நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று தோழர்களே சொல்லட்டும்.

கடைசியில் கமிட்டியில் இருந்த ஒரே பெண் தோழர், கோன் வைண்டிங்கில் வேலை பார்ப்பவர், எழுந்து கேட்டார்: "முதலாளி கணக்கை மறைத்தால் மோசடி, நம்ம ஆள் கணக்கை மறைத்தால் குடும்ப விஷயமா?" யாரும் பதில் சொல்லவில்லை. கடிதம் கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. அவன் சங்கத்தை விட்டுப் போனான். அவனோடு இன்னும் ஆறு பேர் போனார்கள். நஷ்டம்தான்.

இப்போது சங்கக் காரியதரிசிக்குச் சம்மன் வந்திருக்கிறது, கூலி ஒப்பந்த நகலையும் சந்தாப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாய்தாவுக்கு வரும்படி. அன்று இரவு ஷிப்டு முடித்து இரண்டு தோழர்கள் அவரோடு போகிறார்கள். முதலில் சிரித்த தோழரும் அதில் ஒருவர். அந்தச் சகோதரிக்கு அது இருபதாவது வாய்தா.